ராணுவ ஜெனரேட்டர் டிரெய்லரை ஏலக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ஜெனரேட்டர் டிரெய்லரை ஏலத்தில் எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "பிக்கப்பில் மாட்டி அப்படியே இழுத்து வந்துவிடலாமா?" என்பதுதான். நூறு மைலுக்குள் என்றால், டயரையும் பேரிங்கையும் பார்த்துவிட்டு, ஃப்ரீவே பக்கம் போகாமல் மெதுவாக வரலாம். அதற்கு மேல் என்றால் இன்னொரு டிரெய்லர் (இனி சுமை டிரெய்லர்) மேல் ஏற்றி வருவதே நல்லது. ஜெனரேட்டர் எந்த நிலையில் இருந்தாலும், அதைத் தாங்கும் சக்கரங்கள் பல வருடமாக ஒரே இடத்தில் நின்றிருக்கும். டயர், ஹப்பில் உள்ள கிரீஸ், பிரேக் சிலிண்டர், விளக்கு ஒயரிங், நம்பர் பிளேட் எதையும் நம்பிக் கிளம்ப முடியாது. ஏற்றிவிட்டால் இந்த ஐந்து கவலையும் ஒரேயடியாகப் போய்விடும்.

கீழே சொல்வதில் பெரும்பகுதி ஏற்றி வருவதைப் பற்றியது. இழுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கான விவரம் பின்னால் வருகிறது.

எது, என்ன எடை, என்ன அகலம்

சந்தையில் அதிகம் கிடைக்கும் ராணுவ ஜெனரேட்டர் மாடல்கள் எம்இபி-802ஏ (5 கிலோவாட்), எம்இபி-803ஏ (10 கிலோவாட்) இரண்டும்தான். 802ஏ ஏறக்குறைய 900 பவுண்டு, 803ஏ ஏறக்குறைய 1200 பவுண்டு. 804 (15 கிலோவாட்) 2100 பவுண்டைத் தொடும். 805 (30 கிலோவாட்) 3000, 806 (60 கிலோவாட்) 4000 பவுண்டு அளவில் இருக்கும். இது ஜெனரேட்டரின் எடை மட்டும். டிரெய்லர் எடை தனி.

803ஏ பெரும்பாலும் எம்116ஏ2 என்ற முக்கால் டன் டிரெய்லரில் வரும். இந்த ஜோடிக்கு ராணுவம் வைத்த பெயர் பியு-798. மொத்தமாக 3000 பவுண்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், 7000 பவுண்டு தாங்கும் இரட்டை ஆக்சில் கார் டிரெய்லர் இதற்குத் தாராளம். இரண்டு ஜெனரேட்டர் பூட்டிய ஒன்றரை டன் எம்103, அதைவிடப் பெரிய எம்200 ரகங்களுக்கு அது போதாது.

சட்டகத்திலும் ஜெனரேட்டர் பக்கவாட்டிலும் ரிவெட் அடித்த தகடு இருக்கும். நீளம், அகலம், உயரம், எடை, பாரத்தின் மையம், கட்டுவதற்கான இடங்கள் எல்லாம் அதில் பொறித்திருக்கும். ஏலப் பக்கத்தில் போடும் எடை பல நேரம் ஜெனரேட்டருக்கு மட்டுமானதாகவோ குத்துமதிப்பாகவோ இருக்கும். தகட்டின் படம் இருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது அகலத்தில்தான். ஹம்வீ என்ற ராணுவ வண்டியின் சக்கரத் தடத்துக்குப் பொருந்தும்படி செய்த எம்1101, எம்1102 டிரெய்லர்கள் ஏறக்குறைய 86 அங்குல அகலம். சாதாரண கார் டிரெய்லரின் இரண்டு மட்கார்டுகளுக்கு இடையே 82, 83 அங்குலம்தான் இருக்கும். முந்நூறு மைல் ஓட்டிப் போன பிறகு, ஃபோர்க்லிஃப்ட்காரர் தூக்கிப் பிடித்திருக்கும்போது இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ரகம் என்றால் சக்கரத்துக்கு மேலே தளம் உள்ள டெக்-ஓவர் டிரெய்லரையோ, மட்கார்டைக் கழற்றக்கூடியதையோ ஏற்பாடு செய்யுங்கள். டெக்-ஓவரின் தளம் தரையிலிருந்து மூன்றடி வரை உயரும். சாலையில் சுமையோடு சேர்த்து 13 அடி 6 அங்குலம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. இந்த அளவு ஜெனரேட்டர்கள் அந்த உயரத்தின் பக்கத்தில்கூட வராது. அகல வரம்பு 102 அங்குலம்.

காகிதம்

ராணுவ வாகனங்களையும் டிரெய்லர்களையும் கழிக்கும் பொறுப்பு டிஎல்ஏ என்ற பாதுகாப்புத் தளவாட முகமையுடையது. ஏலம் நடத்துவது கவ்பிளானெட் போன்ற ஒப்பந்த நிறுவனம். சில பொருட்களுக்கு, வாங்கியவர் அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்ற சான்றிதழை (டிஎல்ஏ படிவம் 1822) நிரப்பிக் கொடுத்து, அது தேறிய பிறகுதான் எடுக்கவே விடுவார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஏலப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருந்தால், அனுமதி கையில் வரும்வரை வாடகை டிரெய்லருக்கோ விடுப்புக்கோ தேதி குறிக்காதீர்கள்.

சாலையில் ஓட்டப் பதிவு செய்ய எஸ்எஃப்-97 என்ற தாள் வேண்டும். டைட்டில் (உடைமைச் சான்று) வாங்க உதவும் அரசுச் சான்று அது. "சாலைக்கு வெளியே மட்டும்" என்று குறித்து விற்கும் பொருளுக்கு இது கிடைக்காது, விற்பனை ரசீது மட்டும் வரும். கிடைக்கும் பொருளுக்கும், எடுக்கப் போகும் நாளில் அது கையில் இருக்காது, பிறகு தபாலில் வரும். ஆக, சொந்தச் சக்கரத்தில் இழுத்து வருபவர் தன் மாநிலத்திலோ எடுக்கும் மாநிலத்திலோ தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். ஏற்றி வருபவருக்கு அது வெறும் சரக்கு. விற்பனை ரசீதும் களத்தில் தரும் வெளியேற்றத் தாளும் வண்டியில் இருந்தால் போதும்.

பணம் கட்டிய பின் எடுத்துச் செல்ல ஒரு கெடு இருக்கும். தாண்டினால் வாடகை ஏறும், அப்புறம் பொருளே கைவிட்டுப் போகும். நேரம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். களம் ராணுவத் தளத்துக்குள் இருந்தால் வாயிலில் அடையாள அட்டை, வண்டிப் பதிவு, காப்பீடு மூன்றையும் பார்ப்பார்கள். உங்களுக்குப் பதில் வேறொருவர் எடுக்கப் போகிறார் என்றால், அவர் பெயரை முன்கூட்டியே ஏல நிறுவனத்தின் படிவத்தில் ஏற்றிவிடுங்கள். அங்கே போய் போனில் சமாளிக்க முடியாது.

கொண்டுபோக வேண்டியது

5/16 அங்குல கிரேடு 70 சங்கிலி நான்கு, ராட்செட் வகை இறுக்கி நான்கு, 2 அங்குல ராட்செட் பெல்ட் நான்கு. 4×4, 6×6 மரக்கட்டைத் துண்டுகள் ஒரு பத்து. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ரப்பர் கட்டை நான்கு. கையடக்க ஏர் கம்ப்ரசர், வால்வு கோர், அதைக் கழற்றும் கருவி. பத்து டன் பாட்டில் ஜாக்கி, இரும்புக் கடப்பாரை, ஊடுருவும் எண்ணெய், சுத்தியல். அலுமினிய ஃபாயில் டேப், குப்பைப் பை, கேபிள் டை, பழைய துணி. சாக்பீஸ் அல்லது ஸ்பிரே பெயின்ட்.

அந்தப் பெயின்ட் விளையாட்டுக்கு இல்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஒரு முறைதான் வைப்பார். வரிசையில் அடுத்த வண்டி நின்றுகொண்டிருக்கும். "இன்னும் ஆறு அங்குலம் முன்னால் தள்ளுங்கள்" என்று கேட்கும்போது அவர் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். வீட்டிலேயே கணக்குப் போட்டு, ஜெனரேட்டர் டிரெய்லரின் ஆக்சில் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று தளத்தில் கோடு போட்டு வையுங்கள்.

எங்கே அந்தக் கோடு? சுமை டிரெய்லரின் இரண்டு ஆக்சில்களுக்கு நடுப்புள்ளியிலிருந்து சற்று முன்னால். ஜெனரேட்டர் டிரெய்லரின் இழுவைக் கம்பி நுனியில் உள்ள கொக்கி வளையம் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கணக்கின் குறி என்னவென்றால், சுமையும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச் (பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இறங்க வேண்டும். 5000 பவுண்டு என்றால் 500 முதல் 750. பின்னால் வைத்துவிட்டால் முன்பாரம் குறைந்து, 55 மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ரொம்ப முன்னால் வைத்தால் பிக்கப்பின் பின்புறம் அமுங்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். சந்தேகம் இருந்தால் போகும் வழியில் லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் (CAT) நிறுவன எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எடை சீட்டில் வரும்.

களத்தில்

ஃபோர்க்லிஃப்ட் வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில.

கொடுத்த லாட் எண்ணும் சீரியல் எண்ணும் உங்கள் தாளில் உள்ளதுதானா என்று முதலில் பாருங்கள். ஒரே மாதிரி இருபது நிற்கும் களத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவது அபூர்வமில்லை.

பேட்டரிப் பெட்டியைத் திறங்கள். 802, 803 இரண்டிலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். பேட்டரி இருந்தால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையைத் துணி சுற்றிக் கட்டி வையுங்கள். விரிசல் விட்ட பேட்டரி என்றால் கையுறை போட்டு எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வையுங்கள். வழி நெடுக ஆசிட் சிந்தினால் தட்டு மட்டுமல்ல, கீழே போகும் ஒயர்களும் அரித்துவிடும். பேட்டரியே இல்லாமல் கேபிள் தொங்கினால் அதையும் கட்டிவிடுங்கள். ஆடி ஆடி ஃபேன் பக்கம் போய்விடும்.

டீசல் மூடியின் வாஷர் இருக்கிறதா, மூடி இறுகுகிறதா என்று பாருங்கள். 803ஏவின் டாங்க் 9 காலன். முழுக்க நிரம்பி இருந்தால் குலுங்கும்போது மூச்சுக்குழாய் வழியாக வெளியே வரும். களத்தில் வடிக்க விடமாட்டார்கள். கீழே உறிஞ்சு துணி போட்டுக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள். எப்படியும் அந்த டீசலைப் போட்டு ஓட்டக் கூடாது.

எர்த் கம்பி, கேபிள், கருவிப் பெட்டி போன்ற உதிரிகள் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்து வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் பறந்து போவது இவைதான்.

ஃபோர்க்லிஃப்ட் முள், டிரெய்லர் சட்டகத்தின் நீளப் பட்டைகளுக்குக் கீழே போக வேண்டும். ஆக்சிலுக்குக் கீழே கொடுத்தால் பிரேக் குழாய் நசுங்கும். ஜெனரேட்டரின் தலையில் உள்ள தூக்கு வளையத்தில் பிடித்து டிரெய்லரோடு சேர்த்துத் தூக்க விடாதீர்கள். அந்த வளையம் ஜெனரேட்டரைத் தூக்க மட்டுமே.

ஒன்று உண்டு: 803ஏ டிரெய்லரோடு சில போல்ட்களில்தான் நிற்கிறது. வேண்டாத டிரெய்லர், டயர் முழுக்கப் போய்விட்டது என்றால், ஜெனரேட்டரை மட்டும் கழற்றி, 1200 பவுண்டைத் தாங்கும் பிக்கப் தொட்டியில் வைத்துக் கொண்டுவருவது பல நேரம் புத்திசாலித்தனம். ஆனால் களத்தில் கழற்ற அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்ட அங்கே நேரம் தரமாட்டார்கள்.

கட்டுவது

ஏறியதும் செய்யும் வரிசை முக்கியம். முதலில் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. மரத் தளம் என்றால் 2×4 துண்டை ஆணி அடித்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக் கைப்பிரேக் லீவரையும் போடுங்கள். பிறகு முன்னால் உள்ள தாங்கு காலைக் கவனியுங்கள். அதை ஊன்றியபடி விட்டுக் கட்டினால், ஒவ்வொரு குழியிலும் முழு முன்பாரமும் அந்தக் காலின் ஒற்றைப் பின்னில் விழும். பின் வளையும், கால் சரியும், சங்கிலி ஒரு நொடியில் தளரும். இழுவைக் கம்பிக்குக் கீழே 6×6 கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் பாரத்தை இறக்கி, காலை மேலே மடக்கிவிடுங்கள்.

இப்போது சங்கிலி. இரண்டு முன்னோக்கி, இரண்டு பின்னோக்கி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 பாகை சாய்வில். பிடிக்கும் இடம் டிரெய்லர் சட்டகத்தில் உள்ள கட்டு வளையங்கள். ஜெனரேட்டரின் அடிச்சட்டத்தில் போட்டால், நீங்கள் நம்பி நிற்பது டிரெய்லரோடு அதைப் பிணைக்கும் போல்ட்களை. அவை எப்போது கடைசியாக இறுக்கப்பட்டன என்று யாருக்கும் தெரியாது.

5/16 கிரேடு 70 சங்கிலியின் வேலைச்சுமை (பாதுகாப்பாகத் தாங்கும் அளவு) 4700 பவுண்டு, 2 அங்குல பெல்ட்டின் வேலைச்சுமை 3333 பவுண்டு. சரக்கு வண்டிகளுக்கான கூட்டாட்சி விதி, எல்லாக் கட்டுகளின் வேலைச்சுமையும் சேர்ந்து சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது. நான்கு சங்கிலி அதைப் பல மடங்கு தாண்டும். அப்படியானால் ஏன் அவிழ்கிறது? ஸ்பிரிங்தான் காரணம். சங்கிலி இறுகியிருக்கும்போது வில்தகடு மேலே இருக்கும். குழியில் விழும்போது அது அமுங்கும், சங்கிலி அந்த நொடி தளர்ந்து கொக்கி நழுவும். ஆகவே ராட்செட்டைப் போட்டுச் சட்டகம் ஓர் அங்குலமாவது கீழே இறங்கும்வரை இழுங்கள். அல்லது சட்டகத்துக்கும் தளத்துக்கும் நடுவே கட்டை கொடுத்து, ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுங்கள். இரண்டாவது வழி பாதுகாப்பானது, கட்டை வெட்டும் வேலைதான் கூடுதல்.

ஆக்சிலில் பெல்ட் சுற்றிக் கட்டுபவர்களும் உண்டு. கெட்டியாக நிற்கும். ஆனால் ஆக்சில் மேல் ஓடும் பிரேக் குழாய்க்குக் கீழே பெல்ட்டை நுழைக்க வேண்டும். அதன் மேலே சுற்றி இறுக்கினால் குழாய் தட்டையாகிவிடும். நெம்புகோல் வகை இறுக்கியைவிட ராட்செட் வகையே மேல்: நெம்புகோல் திருப்பி அடித்தால் கை போய்விடும்.

கடைசியாக இழுவைக் கம்பிக்கு மேலே ஒரு பெல்ட் குறுக்காக. உலோக விளிம்பில் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வையுங்கள்.

காற்றும் மழையும்

65 மைல் வேகத்தில் முன்னால் அடிக்கும் காற்று, ஜெனரேட்டர் கதவுகளின் தாழைத் திறந்துவிடும். ஒவ்வொரு தாழையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, உடலைச் சுற்றி ஒரு பெல்ட் ஓட்டிவிடுங்கள். அதை லேசாக மட்டும் இறுக்குங்கள், தகடு மெலிது.

புகைபோக்கியை மூடாமல் கிளம்பாதீர்கள். மழை நேராகச் சிலிண்டருக்குள் போனால், வீட்டில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது தண்ணீர் மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். மேல் மூடி உள்ள புகைபோக்கியும் காற்றில் திறந்துகொள்ளும். துணி அடைத்து அதன் மேல் ஃபாயில் டேப். 805, 806 மாடல்களில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவற்றில் டர்போ உண்டு. திறந்த குழாயில் காற்று புகுந்து டர்போவைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடாததால் அதன் பேரிங்குக்கு ஆயில் வராது. 800 மைல் அப்படிச் சுழன்ற டர்போ வீட்டுக்கு வரும்போது அரைபட்டிருக்கும். அடைத்த துணியில் சிவப்பு நாடா ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காமல் இருக்கும்.

முழு உடலையும் தார்ப்பாய் போட்டுச் சுற்றுவது வேண்டாத வேலை. நூறு மைலில் கிழிந்து, பெயின்ட்டைத் தேய்த்து, பின்னால் வருபவர் கண்ணாடியில் போய் ஒட்டும்.

சாலையில்

முதல் 50 மைலுக்குள் ஒரு முறை நிறுத்திச் சங்கிலிகளை இறுக்குங்கள். அந்த நேரத்தில்தான் கட்டைகள் அமர்ந்து கொடுக்கும். அதன்பின் 150 மைலுக்கு ஒரு முறை அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. சரக்கு லாரிகளுக்கான விதியும் இதே அளவுதான். நிறுத்தும்போது சுமை டிரெய்லரின் டயர், ஹப் சூட்டையும் கையோடு பார்த்துவிடுங்கள். வாடகை டிரெய்லர் என்றால் இன்னும் கவனம்.

பெரிய ரகத்தைக் கனமான டிரெய்லரில் ஏற்றும்போது உரிமத்தைப் பாருங்கள். இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த தாங்குதிறன் எடை 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் வகுப்பு ஏ ஓட்டுநர் உரிமத்தின் எல்லைக்குள் வருகிறீர்கள். தகட்டில் எழுதிய தாங்குதிறன்தான் இங்கே கணக்கு.

இழுத்துத்தான் வர வேண்டும் என்றால்

இதற்கு இரண்டு பயணமாகத் திட்டமிடுவது உத்தமம்: களத்திலிருந்து பக்கத்தில் ஒரு பட்டறைக்கு ஏற்றிப் போய், அங்கே வேலை முடித்து, பிறகு இழுப்பது.

டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2304 என்றால் 2004-இன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தையது, பேச்சே வேண்டாம். பட்டன் வைத்தது போன்ற பழைய ராணுவப் பட்டையுள்ள டயர்கள் குறுக்கு நூல் (பயாஸ் பிளை) வகை. பட்டை முழுசாகவே இருக்கும், ஆனால் பக்கவாட்டில் விரல் நகம் நுழையும் வெடிப்பு ஓடும். அவை நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி, பட்டை தனியாக உரிந்து போகும். புது டயர் போடுங்கள், அல்லது இழுக்காதீர்கள்.

ரிம் விஷயத்தில் உயிர் போகும். ஹம்வீ வகைச் சக்கரம் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பூட்டியது. ஹப்போடு பிணைக்கும் எட்டு நட் ஒரு வட்டம், இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நட்கள் இன்னொரு வட்டம். காற்று இருக்கும்போது இந்த இரண்டாவது வட்டத்தில் நட்டைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிளக்கக்கூடும், ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். கழற்றும் முன் வால்வு கோரை எடுத்து, காற்று முழுக்கப் போனதை உறுதி செய்யுங்கள். எம்103 போன்ற பெரிய டிரெய்லரின் 9.00-20 டயரில் பூட்டு வளைய ரிம் இருக்கும். அதற்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். லாரி டயர்க் கடையில் கொடுத்துவிடுங்கள். இந்த ரகத்தில் இடப்பக்க ஸ்டட்டின் முனையில் எல் எழுத்து பொறித்திருந்தால் அது தலைகீழ் மரை. சாதாரணமாகக் கழற்றுவது போலத் திருப்பினால் இன்னும் இறுகி ஸ்டட் முறியும்.

அடுத்து ஹப். ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். சத்தமே இல்லை என்றாலும் திறந்துதான் ஆக வேண்டும். பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருக்கும், ஆற்றைக் கடந்த டிரெய்லர் என்றால் தண்ணீர் சேர்ந்து பால்போல இருக்கும். முழுக்கக் கழுவி, ரோலரில் நீலம் பாய்ந்ததோ புள்ளி விழுந்ததோ இருந்தால் பேரிங்கையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்து மாற்றி, புது சீல் போட்டு, வீல் பேரிங் கிரீஸ் அழுத்துங்கள். பழைய கிரீஸின் மேலேயே புதியதைத் திணிக்காதீர்கள். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுகும்வரை திருப்பி, தளர்த்தி, விரலால் இறுக்கி, அடுத்த ஓட்டையில் புது காட்டர் பின்.

பிரேக்கில் இரண்டு ரகம். எம்1101, எம்1102 போன்ற சிறியவற்றில் இழுவைக் கம்பி உள்ளே அமுங்கும்போது தானே பிடிக்கும் சர்ஜ் பிரேக். மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் இருந்து, குழாய் ஒழுகாமல் இருந்தால் வேலை செய்யும். ரிவர்ஸில் போனால் அதுவே பிடித்து நிறுத்தும், பூட்டு முள்ளைத் தேடிப் போடுங்கள். பெரியவற்றில் காற்றழுத்தம் தள்ள, ஹைட்ராலிக் பிடிக்கும் முறை. காற்றுக் குழாய் இல்லாத பிக்கப்பால் அந்தப் பிரேக்கை இயக்கவே முடியாது, அதாவது பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கிறீர்கள். பல மாநிலங்களில் 3000 பவுண்டு தாண்டினால் பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் 1500 பவுண்டிலேயே தொடங்கிவிடுகிறது. போகும் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் பாருங்கள். கைப்பிரேக் லீவர் இரண்டு என்பதை மறந்து ஒன்றை மட்டும் விடுவித்துக் கிளம்புவது மிகச் சாதாரணமாக நடக்கும். பத்தே மைலில் புகை கிளம்பும்.

கொக்கிக்கு வாருங்கள். ராணுவ வளையத்தின் உள்விட்டம் 3 அங்குலம். பந்தும் கொக்கியும் சேர்ந்த கலப்பு ஹிட்ச் சிலவற்றில் இந்தத் தடித்த வளையம் நுழைந்தாலும் மேல்தாடை பூட்டாது. தனிப் பின்டில் கொக்கியே (வளையத்தை வாய்க்குள் வாங்கிப் பூட்டும் கொக்கி) வாங்குங்கள், பூட்டு முள்ளோடு. டிரெய்லர் தரைக்கு இணையாகவோ, வளையம் அரை அங்குலம் தாழ்வாகவோ நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்யும் தகடு தேவைப்படும். வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே தளர்வான இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு பிரேக்கிலும் டக் டக் என்று இடிக்கும். அது இயல்பு, ஆனால் அந்த இடியைத் தாங்கும் அளவுக்கு ரிசீவரின் (ஹிட்ச் செருகும் சதுரக் குழாய்) தாங்குதிறனில் நிறைய மிச்சம் வையுங்கள். பாதுகாப்புச் சங்கிலியின் ராணுவக் கொக்கிகள் பிக்கப்பின் வளையத்தில் நுழையாது. 3/8 அங்குல ஷேக்கிள் போட்டு, வளையத்துக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகப் போகவிட்டு மாட்டுங்கள்.

விளக்கில் நேரம் வீணாக்காதீர்கள். டிரெய்லரில் 24 வோல்ட் பல்பும் 12 முள் பிளக்கும் இருக்கும். பிக்கப்பின் 12 வோல்ட்டில் அந்த பல்ப் மினுக்கென்று எரியும், பகலில் தெரியவே தெரியாது. 4 முள் தட்டைப் பிளக்குள்ள எல்இடி இழுவை விளக்கு ஜோடி ஒன்று வாங்கி, பின் சட்டகத்தில் வைத்து, ஒயரை மேல்வழியாகக் கேபிள் டை போட்டுக் கொண்டுவாருங்கள். விளக்கின் அடியில் உள்ள காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். அலுமினியத் தகடு என்றால் ஒட்டவே ஒட்டாது.

வேகம் 50, அதிகபட்சம் 55. 25 மைலில் முதல் நிறுத்தம். இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் கவலை இல்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், சூடு எங்கே என்று பிரித்துப் பாருங்கள்: டிரம் சுட்டு நடு மூடி ஆறியிருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடு மூடி சுட்டால் பேரிங். பேரிங் என்றால் அங்கிருந்து ஒரு மைல்கூட நகர வேண்டாம்.

ஸ்டெப்னிச் சக்கரம் ஒன்றும் அந்த நட்டுக்குரிய சாக்கெட்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள். சாலையோர உதவி வண்டியில் 1½ அங்குல சாக்கெட் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆள் வைத்து எடுப்பது

ஆயிரம் மைலுக்கு மேல் என்றால், எரிபொருள், தங்கல், வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்த வழியில் காலியாகத் திரும்பும் லாரிக்காரரிடம் கொடுப்பது மலிவாக வரலாம். விலை கேட்கும்போதே எடை, நீளம், அகலம், உயரம், உருளுமா, டயரில் காற்று நிற்குமா, களத்தில் ஃபோர்க்லிஃப்ட் உண்டா, இறக்கும் இடத்தில் என்ன உண்டு என்பதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். அவருடைய சரக்குக் காப்பீட்டுச் சான்றை வாங்கி, தொகை உங்கள் பொருளுக்குப் போதுமா என்று பாருங்கள். புகைபோக்கியை மூடுவதும் கதவைக் கட்டுவதும் உங்கள் கவலைதான். டிரைவரிடம் சொல்லி, மூடியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இறக்குவது

களத்தில் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது, வீட்டில் இருக்காது. சரிவுப் பலகையில் 2500 பவுண்டைக் கையால் பிடித்து இறக்க நினைக்காதீர்கள். இறக்கும் முன் டயரில் காற்று அடியுங்கள். சப்பையான டயர் சரிவின் நடுவில் ரிம்மிலிருந்து கழன்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சுமை டிரெய்லரை இழுவை வண்டியோடு மாட்டியபடியே, முன்பாரம் தூக்காமல் இருக்கப் பின்முனைக்குக் கீழே கட்டை கொடுத்து நிறுத்துங்கள். சுமை டிரெய்லரின் முன் நுனியில் உள்ள வின்ச்சின் கம்பியை ஜெனரேட்டர் டிரெய்லரின் இழுவை வளையத்தில் மாட்டி, இழுவிசை ஏறிய பிறகே சங்கிலியையும் முட்டுக்கட்டையையும் எடுங்கள். ஓர் ஆள் வின்ச்சில், ஓர் ஆள் பக்கவாட்டில் நின்று சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை நகர்த்தியபடி. கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஒற்றை ஆக்சில் என்பதால் இழுவைக் கம்பி தூக்கவோ குத்தவோ பார்க்கும். அதன் கீழே சின்னச் சக்கர ஜாக்கி ஒன்றைப் பூட்டிவிட்டால் அடங்கும்.

தரைக்கு வந்தபின் மூலையில் ஒதுக்குவதற்கு, பிக்கப்பின் முன்பக்க ரிசீவரில் பின்டில் கொக்கியை மாட்டித் தள்ளுவது நல்ல வழி. கண்ணுக்கு முன்னால் தெரியும், அங்குல அங்குலமாக நுழைக்கலாம். தாங்கு காலுக்குக் கீழே ஒட்டுப்பலகை போடுங்கள், இல்லையென்றால் முதல் மழையில் மண்ணில் இறங்கிவிடும். பழைய டீசலை அன்றைக்கே வடித்து, வடிகட்டியைக் கழற்றிவிட்டு, புகைபோக்கித் துணியை முதல் ஸ்டார்ட் வரை அப்படியே விடுங்கள்.